ஒரு சொட்டு ரத்தமும் ஒரு துண்டுத் தாளும்: ராபர்ட் கத்ரியின் கதை

பி.சி.ஆர். என்ற சொல் கொரோனா காலத்துல நம்ம வீட்டுப் பாட்டிகள் வரைக்கும் போய்ச் சேர்ந்துடுச்சு. ஆனால் ஒரு வைரஸைக் கண்டுபிடிக்க கோடி ரூபாய் மெஷின் மட்டும் இருந்தால் போதாது. மாதிரி அந்த மெஷின் வரைக்கும் கெட்டுப்போகாமல் வந்து சேரணும். மலை மேல இருக்கும் ஒரு கிராமத்துச் சுகாதார நிலையத்துல ஒரு பச்சிளம் குழந்தையின் ரத்தத்தை எடுக்குறாங்கன்னு வச்சுக்குவோம். சிரிஞ்சு, குழாய், மையவிலக்கி, ஐஸ் பெட்டி, குளிர்சாதன வண்டி என்று ஒரு பெரிய சங்கிலியே தேவை. அதில் ஒரு கண்ணி அறுந்தாலும் மாதிரி வீண்.

இந்தச் சங்கிலி மொத்தத்தையும் ஒரு துண்டுத் தாளை வச்சு ஒருத்தர் தாண்டிப் போனார். அவர் பெயர் ராபர்ட் கத்ரி. உலகத்துல பல நாடுகளில் பிறந்த குழந்தையின் குதிகாலில் லேசாகக் குத்தி, சில சொட்டு ரத்தத்தை ஒரு அட்டையில் வைக்கிறாங்க இல்லையா, அந்த அட்டைக்கு இன்றைக்கும் கத்ரி அட்டை என்றுதான் பெயர். வேடிக்கை என்னன்னா, அவர் அதை எந்த வைரஸுக்காகவும் செய்யவில்லை. வைரஸ் ஆட்கள் அவர் போட்ட பாதையில் ரொம்ப வருஷம் கழிச்சு வந்து சேர்ந்தாங்க. அந்தக் கதைதான் இது.

ஆய்வகமும் வீடும்

கத்ரி 1916 ஜூன் 28 அன்று அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்தில் மேரியன்வில் என்ற சின்ன ஊரில் பிறந்தார். வளர்ந்தது மினசோட்டா மாநிலத்தின் மினியாபோலிஸில். படிப்பு என்றால் சாதாரணப் படிப்பு இல்லை. மருத்துவப் பட்டமும் வாங்கினார், நுண்ணுயிரியலில் முனைவர் பட்டமும் வாங்கினார். ஆனால் ஸ்டெதஸ்கோப்பை மாட்டிக்கிட்டு நோயாளி பார்ப்பதில் அவருக்கு நாட்டம் இல்லை. பாக்டீரியாவோடு வேலை செய்வதுதான் பிடித்திருந்தது. 1950களில் நியூயார்க் மாநிலத்தின் பஃபலோ நகரில் ராஸ்வெல் பார்க் நினைவு நிறுவனத்தில் புற்றுநோய் ஆராய்ச்சியாளராக இருந்தார்.

அவருக்கும் மனைவி மார்கரெட்டுக்கும் 6 குழந்தைகள். இரண்டாவது மகன் அறிவுத்திறன் குறைபாட்டோடு பிறந்தவன். ஏன் அப்படி ஆனது என்று எந்த மருத்துவராலும் காரணம் சொல்ல முடியவில்லை. அந்தக் காலத்து அமெரிக்காவில் இப்படிப்பட்ட குழந்தைகளைப் பெரிய அரசு விடுதிகளில் விட்டுவிட்டு மறந்துவிடச் சொல்வதுதான் வழக்கமான ஆலோசனை. அதை ஏற்காத பெற்றோர்கள் ஊர் ஊராகச் சங்கம் அமைத்துக்கொண்டிருந்தார்கள். கத்ரியும் பஃபலோவில் அப்படி ஒரு பெற்றோர் சங்கத்தில் சேர்ந்து மும்முரமாக வேலை செய்தார்.

ஆக அவருக்கு இரண்டு உலகம். பகலில் பாக்டீரியா, மாலையில் பெற்றோர் சங்கம். இரண்டும் ஒன்றையொன்று தொடாமலே ஓடிக்கொண்டிருந்தன. 1957 வாக்கில்தான் இரண்டும் சந்தித்தன.

பி.கே.யு. என்ற வில்லன்

இங்கே கொஞ்சம் உயிர்வேதியியல் பார்த்தாகணும். பயப்படாதீங்க, சின்னதுதான்.

நாம் சாப்பிடும் புரதத்தில் ஃபினைல்அலனின் என்ற அமினோ அமிலம் இருக்கிறது. கல்லீரலில் உள்ள ஒரு நொதி அதை டைரோசின் என்ற இன்னொரு அமினோ அமிலமாக மாற்றும். சில குழந்தைகளுக்குப் பரம்பரைக் கோளாறால் அந்த நொதி வேலை செய்யாது. ஃபினைல்அலனின் ரத்தத்தில் சேர்ந்துகொண்டே போகும், வளரும் மூளையைக் கெடுக்கும். இதுதான் ஃபினைல்கீட்டோனூரியா, சுருக்கமாக பி.கே.யு. நார்வே மருத்துவர் அஸ்பியோர்ன் ஃபோலிங் 1934இல் இதைக் கண்டறிந்தார். ஒரு தாய் தன் இரண்டு குழந்தைகளுக்கும் என்ன ஆனது என்று விடாமல் கேட்டு, அவரிடம் வந்ததுதான் அதன் தொடக்கம்.

1953இல் ஹார்ஸ்ட் பிக்கல் இங்கிலாந்தின் பர்மிங்காமில் இதற்கு ஒரு வழி காட்டினார். ஃபினைல்அலனின் குறைந்த உணவைக் கொடுத்தால் பாதிப்பைத் தடுக்கலாம். ஆனால் ஒரே ஒரு நிபந்தனை: பிறந்த சில வாரங்களுக்குள் ஆரம்பிக்கணும். மூளை கெட்ட பிறகு ஆரம்பித்தால் போனது திரும்ப வராது.

சிக்கல் இங்கேதான். அப்போது இருந்த பரிசோதனை, சிறுநீரில் ஃபெர்ரிக் குளோரைடை விட்டுப் பச்சை நிறம் வருகிறதா என்று பார்ப்பது. அந்த நிறம் தெரியும் அளவுக்கு வேதிப்பொருள் சிறுநீரில் சேர, பிறந்து பல வாரங்கள் ஆகும். மருந்து இருக்கிறது, நேரமும் இருக்கிறது, ஆனால் யாருக்குக் கொடுப்பது என்று அந்த நேரத்துக்குள் தெரியாது. நம்ம மொழியில் சொல்லணும்னா, சென்சாரின் தாமதம் சிஸ்டத்தின் கெடுவைவிட அதிகம்.

பாக்டீரியாவை மீட்டராக மாற்றியவர்

பஃபலோ குழந்தைகள் மருத்துவமனையின் மறுவாழ்வு மையத்தை நடத்திய ராபர்ட் வார்னர் என்ற மருத்துவர் பெற்றோர் சங்கம் வழியாகத்தான் கத்ரிக்குப் பழக்கம். சிறப்பு உணவில் இருக்கும் பி.கே.யு. குழந்தைகளின் ரத்தத்தில் ஃபினைல்அலனின் எவ்வளவு என்று அடிக்கடி அளக்க வேண்டியிருந்தது. அப்போதைய முறைகளுக்கு நிறைய ரத்தமும் நிறைய நேரமும் வேண்டும். ஒரு எளிய வழி கிடைக்குமா என்று வார்னர் கேட்டார்.

கத்ரியிடம் விடை கிட்டத்தட்டத் தயாராகவே இருந்தது. புற்றுநோய் ஆய்வில் அவர் செய்துகொண்டிருந்ததே ரத்தத்தில் ஒரு பொருள் எவ்வளவு இருக்கிறது என்பதை பாக்டீரியாவின் வளர்ச்சியை வைத்து அளப்பதுதான். அதையே திருப்பிப் போட்டார்.

முறை இதுதான். ஒரு தட்டில் அகார் கூழ். அதில் பாசில்லஸ் சப்டிலிஸ் என்ற பாக்டீரியாவின் விதைத்துகள்கள். கூடவே தயனைல்அலனின் என்ற ஒரு தடுப்புப்பொருள். இது பார்க்க ஃபினைல்அலனின் மாதிரியே இருக்கும், ஆனால் பாக்டீரியாவை வளரவிடாது. இப்போது தட்டின் மேல் ரத்தம் ஊறிய சின்னத் தாள் வட்டுகளை வரிசையாக வைக்கணும். ரத்தத்தில் ஃபினைல்அலனின் அதிகம் இருந்தால் அது கசிந்து வெளியே வந்து தடுப்புப்பொருளை மீறிவிடும், வட்டைச் சுற்றிப் பாக்டீரியா வளர்ந்து வெள்ளையாக ஒரு வளையம் தெரியும். ஃபினைல்அலனின் கூடக் கூட வளையமும் பெரிதாகும். அதே தட்டில் அளவு தெரிந்த வட்டுகளையும் ஒரு வரிசை வைத்துவிட்டால், கண்ணால் ஒப்பிட்டே அளவைச் சொல்லிவிடலாம்.

ஒரு இரவு வெப்பப்பெட்டியில் வைத்தால் காலையில் ரிசல்ட். ஒரே தட்டில் பல குழந்தைகள். விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டாம். மீட்டரும் பாக்டீரியாதான், பெருக்கியும் பாக்டீரியாதான். கேலிப்ரேஷன் வரிசையைக் கூட அதே தட்டுக்குள் வைத்தது பாருங்க, அங்கேதான் ஆள் உள்ளுக்குள் ஒரு இன்ஜினியர் என்று தெரிகிறது. 1958இல் புற்றுநோய் ஆராய்ச்சியை விட்டுவிட்டுக் குழந்தைகள் மருத்துவமனைக்கே வந்துவிட்டார்.

15 மாதம்

அதே 1958இல் வீட்டில் ஒரு செய்தி. மார்கரெட்டின் தங்கை மகளுக்கு பி.கே.யு. இருப்பது கண்டுபிடிக்கப்பட்டது. அப்போது அந்தக் குழந்தைக்கு 15 மாதம். மூளை பாதிப்பு நடந்து முடிந்திருந்தது.

யோசிச்சுப் பாருங்க. உலகத்திலேயே ஃபினைல்அலனினை இவ்வளவு எளிதாக அளக்கத் தெரிந்த மனிதரின் சொந்தக் குடும்பம் அது. அவரிடம் முறை இருந்தது. ஆனால் அது ஏற்கெனவே நோய் தெரிந்த குழந்தைகளைக் கண்காணிக்கும் முறை. நோய் இருப்பதே தெரியாத குழந்தையிடம் அது போய்ச் சேர வழி இல்லை.

அதிலிருந்து அவருடைய கேள்வி மாறியது. எப்படி அளப்பது என்பது போய், பிறக்கும் ஒவ்வொரு குழந்தையின் ரத்தத்தையும் எப்படி ஓர் ஆய்வகத்துக்குக் கொண்டுவருவது என்பது கேள்வியானது. முதல் கேள்வி வேதியியல். இரண்டாவது போக்குவரத்து. அவரை வரலாற்றில் நிறுத்தியது இந்த இரண்டாவது கேள்விக்கான விடைதான்.

அந்த விடை: தடிமனான வடிதாள். குழந்தையின் குதிகாலில் குத்தி, வரும் சொட்டைத் தாளில் தொட்டு, காயவைத்து, பெயர் எழுதி, உறையில் போட்டு, தபாலில் அனுப்பிவிடு. அவ்ளோதான். ஆய்வகத்தில் அந்தக் காய்ந்த புள்ளியிலிருந்து ஒரு சின்ன வட்டைத் துளைத்து எடுத்து, நீராவியில் சூடாக்கி ரத்தப் புரதத்தை உறையவைத்து, அகார் தட்டின் மேல் வைத்தால் வேலை முடிந்தது. ஆபீஸில் பேப்பருக்கு ஓட்டை போடுவோமே பஞ்ச், அதே ஐடியா.

தாளில் ரத்தத்தைக் காயவைத்து அளந்த முதல் ஆள் கத்ரி இல்லை என்பதையும் சொல்லிவிடணும். 1913 வாக்கிலேயே ஐவர் பாங் என்பவர் வடிதாளில் எடுத்த ரத்தத்தில் சர்க்கரையை அளந்திருக்கிறார். ஆனால் அதை ஒரு நாட்டின் குழந்தைகள் மொத்தத்துக்குமான ஏற்பாடாக மாற்றியது கத்ரிதான்.

முதல் சோதனைக் களமாக நியூயார்க் மாநிலத்தின் நியூவார்க் என்ற ஊரில் இருந்த, அறிவுத்திறன் குறைபாடு உள்ளவர்களுக்கான அரசு விடுதியை எடுத்துக்கொண்டார். அங்கே ஏற்கெனவே பி.கே.யு. என்று தெரிந்தவர்கள் அத்தனை பேரையும் இந்தத் தாள் முறை பிடித்தது. அதோடு நிற்கவில்லை. சிறுநீர்ச் சோதனை தவறவிட்டவர்களையும் சேர்த்துப் பிடித்தது.

6 டாலரும் 262 டாலரும்

1960களின் தொடக்கத்தில் அமெரிக்கக் குழந்தைகள் நலத்துறை நிதி கொடுத்தது. பஃபலோவில் ஒரு வாடகை வீட்டில் ஆட்களை வைத்துச் சோதனைக்கான கிட்களைக் கத்ரியே தயாரித்து மாநிலங்களுக்கு அனுப்பினார். 29 மாநிலங்களில் 4 லட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள் சோதிக்கப்பட்டார்கள். அதில் 39 பேருக்கு பி.கே.யு. இருந்தது. கணக்குப் போட்டால் சுமார் 10,000 குழந்தைக்கு ஒன்று. அந்த 39 பேரும் பாதிப்பு வருவதற்கு முன்பே உணவு மாற்றத்துக்குள் வர முடிந்தது. 1963இல் ஆடா சூசியோடு சேர்ந்து கத்ரி எழுதிய கட்டுரை குழந்தை மருத்துவ இதழில் வெளியானது.

அதற்குள் ஒரு தலைவலி வந்தது. இவ்வளவு பெரிய அளவில் கிட் தயாரிக்க ஒரு வாடகை வீடு போதாது, கம்பெனி வேண்டும். கம்பெனி வரணும் என்றால் காப்புரிமை வேண்டும் என்றார்கள். கத்ரி விண்ணப்பித்தார், தனக்கு ராயல்டி எதுவும் வேண்டாம் என்று ஒதுங்கியும் கொண்டார். பிறகு அந்தக் கம்பெனி விலையைச் சொன்னது. 500 சோதனைக்கான கிட்டை அவர் சுமார் 6 டாலருக்குத் தயாரித்துக்கொண்டிருந்தார். கம்பெனி கேட்டது 262 டாலர்.

40 மடங்குக்கும் மேல். இந்த விலையில் போனால் எல்லாக் குழந்தைக்கும் என்ற எண்ணமே செத்துவிடும். கத்ரி சும்மா இருக்கவில்லை. அதிகாரிகளிடம் போனார், விஷயம் அமெரிக்க செனட் விசாரணை வரைக்கும் போனது. பொதுமக்கள் பணத்தில் உருவான கண்டுபிடிப்பு பொதுமக்களுக்கே சொந்தம் என்று அரசு முடிவெடுத்தது. தனிக் கம்பெனிக்கு ஏகபோக உரிமை கிடைக்கவில்லை.

நம்மில் பலபேர் நாளைக்குக் கண்டுபிடிப்பு, காப்புரிமை, ஸ்டார்ட்அப் என்று போகப்போகிறோம். இந்த அத்தியாயத்தை ஞாபகம் வச்சுக்கலாம். ஒரு பரிசோதனையின் துல்லியத்தை அதன் வேதியியல் தீர்மானிக்கும். அது யாரைச் சென்றடையும் என்பதை அதன் விலை தீர்மானிக்கும்.

எதிர்ப்பும் இருந்தது. சட்டம் போட்டுக் கட்டாயச் சோதனை கொண்டுவருவது மருத்துவர் வேலையில் தலையிடுவது என்று பல மருத்துவர்கள் எதிர்த்தார்கள். பெற்றோர் சங்கங்கள் மாநிலம் மாநிலமாகப் போய் சட்டமன்ற உறுப்பினர்களைப் பார்த்தன. 1963இல் மாசச்சூசெட்ஸ் சட்டம் கொண்டுவந்தது. 1965க்குள் 30க்கும் மேற்பட்ட மாநிலங்களில் சட்டம் வந்துவிட்டது. கத்ரி அதன் பிறகு நாடு நாடாகப் பயணம் செய்து இந்த முறையைச் சொல்லிக்கொடுத்தார். அதே அட்டையில் இன்னும் பல பரம்பரை நோய்களுக்குச் சோதனை செய்யும் வழிகளையும் தேடினார். பிற்காலத்தில் குழந்தைகளின் உடம்பில் ஈயம் சேர்வதைத் தடுக்கும் முயற்சியிலும் இறங்கினார்.

தாளுக்குள் வைரஸ்

சரி, வைரஸ் எங்கே வந்தது?

1980களில் இரண்டு விஷயம் ஒரே நேரத்தில் நடந்தது. ஒன்று, எச்.ஐ.வி. பரவியது. இன்னொன்று, பி.சி.ஆர். பிறந்தது. ஒரு துளி டி.என்.ஏ.வைக் கோடிக்கணக்கில் நகலெடுக்கலாம் என்று ஆன பிறகு, கொஞ்சம் ரத்தம் என்பது குறையாகவே இல்லாமல் போனது. 1987இல் எட்வர்ட் மெக்கேப் குழுவினர் காய்ந்த ரத்தப் புள்ளியிலிருந்து டி.என்.ஏ.வைப் பிரித்தெடுக்க முடியும் என்று காட்டினார்கள். அடுத்த ஆண்டு மாசச்சூசெட்ஸில் பிறந்த குழந்தைகளின் அட்டைகளைப் பெயர் நீக்கி, எச்.ஐ.வி. எதிர்ப்பொருள் இருக்கிறதா என்று சோதித்து, தாய்மார்களிடையே தொற்று எவ்வளவு என்று கணக்கிட்டார்கள். 1990களின் தொடக்கத்தில் அந்தப் புள்ளியில் எச்.ஐ.வி.யின் மரபணுவையே பி.சி.ஆர். மூலம் கண்டுபிடித்தார்கள்.

எதிர்ப்பொருள் சோதனை இருக்கும்போது மரபணு எதற்கு? தாயின் எதிர்ப்பொருள்கள் நஞ்சுக்கொடி வழியாகக் குழந்தைக்கு வந்துவிடும், 18 மாதம் வரைக்கும் கூட ரத்தத்தில் இருக்கும். அதுவரை எதிர்ப்பொருள் சோதனையில் பாசிட்டிவ் வந்தால் அது தாயுடையதா குழந்தையுடையதா என்று தெரியாது. வைரஸையே நேரடியாகத் தேடினால்தான் விடை.

காத்திருக்க முடியாதா? முடியாது. தொற்றிய குழந்தைக்குச் சிகிச்சை இல்லாவிட்டால் கிட்டத்தட்டப் பாதிப்பேர் 2 வயதுக்குள் இறந்துவிடுகிறார்கள். 2008இல் தென்னாப்பிரிக்காவில் நடந்த ஓர் ஆய்வு, சிகிச்சையை உடனே தொடங்கினால் சிசு மரணம் 76 சதவீதம் குறைகிறது என்று காட்டியது. பி.கே.யு. கதையேதான் திரும்ப. மருந்து இருக்கிறது, கெடு இருக்கிறது, கெடுவுக்குள் கண்டுபிடிக்கணும். பி.சி.ஆர். கருவி இருப்பது தலைநகரத்தில், குழந்தை இருப்பது கிராமத்தில். நடுவில் கத்ரியின் தாள்.

இந்தியாவிலும் தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பு 2010இல் இந்த வழியில் இறங்கியது. எச்.ஐ.வி. உள்ள தாய்க்குப் பிறந்த குழந்தைக்கு 6 வாரத்தில் குதிகாலில் குத்தி, அட்டையில் ரத்தம் எடுத்து, பி.சி.ஆர். ஆய்வகத்துக்கு அனுப்பும் திட்டம் அது.

3.2 மில்லிமீட்டருக்குள் என்ன நடக்கிறது

இது இன்ஜினியரிங் காலேஜ் இதழ், அதனால் உள்ளே கொஞ்சம் எட்டிப் பார்ப்போம்.

அட்டை என்பது சாதாரணக் காகிதம் இல்லை. தூய பருத்தி நாரால் ஆன, ஒரே சீரான தடிமனும் உறிஞ்சும் தன்மையும் உள்ள தாள். அதில் அச்சிட்ட ஒவ்வொரு வட்டமும் 50 முதல் 75 மைக்ரோலிட்டர் ரத்தம் பிடிக்கும். தாள் சீராக இருப்பதால், 3.2 மில்லிமீட்டர் வட்டு ஒன்றைத் துளைத்தால் அதில் சுமார் 3 மைக்ரோலிட்டர் ரத்தம் இருக்கும் என்று நம்பலாம். அதாவது பஞ்ச்தான் இங்கே பிப்பெட். அதனால்தான் ஒரே வட்டத்தில் இரண்டு மூணு தடவை சொட்டு வைக்கக் கூடாது, இரண்டு பக்கமும் வைக்கக் கூடாது என்று கறாராகச் சொல்கிறார்கள். அடுக்கடுக்காக ரத்தம் சேர்ந்தால் அளவு தப்பிவிடும்.

எடுத்த அட்டையைப் படுக்கைவாக்கில் அறை வெப்பத்தில் 3, 4 மணி நேரமாவது காயவைக்கணும். வெயிலில் வைக்கக் கூடாது, ஃபேன் சூட்டில் வாட்டக் கூடாது. ஈரம் போய்விட்டால் டி.என்.ஏ.வைச் சிதைக்கும் நொதிகளுக்கு வேலை செய்ய வழியில்லை. ஈரம் மீண்டும் ஏறாமல் இருக்க, ஈரம் உறிஞ்சும் பொட்டலத்தோடு பையில் போட்டு மூடுகிறார்கள். நம்ம ஊர் கடலோரப் புழுக்கத்தில் அந்தச் சின்னப் பொட்டலம்தான் ஹீரோ.

ஆய்வகத்தில் இன்னொரு பிரச்சினை. ரத்தத்தின் சிவப்புக்குக் காரணமான ஹீம், பி.சி.ஆர். நொதிக்குப் பகை. அதைக் கழுவி நீக்காமல் ஓட்டினால் வைரஸ் இருந்தும் இல்லை என்று ரிசல்ட் வரும். ஆகவே முதலில் கழுவல், பிறகு மரபணுப் பிரிப்பு, பிறகுதான் பெருக்கம். ஒரு பஞ்ச் முடிந்து அடுத்ததற்குப் போகும்போது முந்தைய குழந்தையின் துகள் ஒட்டிக்கொண்டு வராமல் வெற்றுத் தாளைத் துளைத்துச் சுத்தம் செய்வதும் வழக்கம். பி.சி.ஆர். அவ்வளவு கூர்மையானது, தப்பையும் அதே கூர்மையோடு பெருக்கும்.

வரம்பும் உண்டு. ஒரு மில்லிலிட்டரில் 1000 வைரஸ் நகல் இருக்கும் ரத்தம் என்று வைத்துக்கொள்வோம். 75 மைக்ரோலிட்டர் புள்ளி முழுவதிலும் சுமார் 75 நகல்தான். ஒரு சின்ன வட்டில் 3. பிரித்தெடுக்கும்போது பாதி போனால் மிச்சம் ஒன்றோ இரண்டோ. இது சாஃப்ட்வேரில் சரிசெய்யும் பிரச்சினை இல்லை, மாதிரியிலேயே சிக்னல் இல்லை.

இதற்கு நல்ல உதாரணம் சைட்டோமெகலோ வைரஸ், அதாவது சி.எம்.வி. கருவிலேயே தொற்றினால் குழந்தைக்குக் காது கேளாமை வரலாம். அமெரிக்காவில் சுமார் 200 குழந்தைக்கு ஒன்று இதோடு பிறக்கிறது. பிறந்த 3 வாரத்துக்குள் எடுத்த மாதிரி இருந்தால்தான் இது பிறவித் தொற்றா, பிறகு வந்ததா என்று சொல்ல முடியும். 2 வயதில் காது கேட்கவில்லை என்று தெரிந்தால் பிறந்த வாரத்து ரத்தத்துக்கு எங்கே போவது? பத்திரப்படுத்திய கத்ரி அட்டைக்குத்தான். காலத்தில் பின்னோக்கிப் போய்ப் பார்க்க வேறு வழியே இல்லை.

ஆனால் அட்டையை வைத்தே எல்லாக் குழந்தையையும் சோதிக்கலாமா என்று 20,000க்கும் மேற்பட்ட குழந்தைகளிடம் பார்த்து 2010இல் வெளியிட்ட ஆய்வு கையை விரித்தது. ஒரு பி.சி.ஆர். முறையில் 28 சதவீதம், இன்னொன்றில் 34 சதவீதம் தொற்றுகளைத்தான் பிடித்தது. அத்தோடு விட்டிருந்தால் கதை முடிந்திருக்கும். மரபணுப் பிரிப்பு முறைகளையும் நொதிகளையும் மேம்படுத்தி மறுபடி பார்த்தார்கள். 2021இல் வந்த ஆய்வில் அது 70 சதவீதத்துக்கு மேல் போனது. உமிழ்நீர்ச் சோதனை இன்னும் 90க்கு மேல்தான், அட்டை அதை எட்டவில்லை. ஆனாலும் அட்டை ஏற்கெனவே ஒவ்வொரு குழந்தையிடமும் போய்ச் சேர்ந்திருக்கிறது, புதிதாக எதையும் எடுக்க வேண்டாம். 2023 பிப்ரவரியில் அமெரிக்காவில் ஒரு மாநிலம் முதல்முறையாகப் பிறக்கும் எல்லாக் குழந்தைகளுக்கும் அட்டை வழியே சி.எம்.வி. சோதனையைத் தொடங்கியது. எந்த மாநிலம் தெரியுமா? கத்ரி வளர்ந்த மினசோட்டா.

அட்டை யாருக்குச் சொந்தம்

அதே மினசோட்டாவில் வேறொரு கதையும் நடந்தது. சோதனை முடிந்த பிறகு மிச்சமிருக்கும் புள்ளிகளை வைத்துக்கொண்டு, பெற்றோரைக் கேட்காமல் ஆராய்ச்சிக்குப் பயன்படுத்தலாமா என்று வழக்குப் போட்டார்கள். 2011இல் மாநில உச்ச நீதிமன்றம் பெற்றோர் பக்கம் நின்றது. 2014இல் 10 லட்சத்துக்கும் மேற்பட்ட அட்டைகள் அழிக்கப்பட்டன. டெக்சாஸிலும் இதேபோல் 50 லட்சத்துக்கும் மேற்பட்டவை அழிந்தன. டென்மார்க்கோ 1982 முதல் பிறந்த குழந்தைகளின் அட்டைகளை உயிரி வங்கியில் பாதுகாத்து வருகிறது.

பாக்டீரியா வளையம் காட்டிய காலத்தில் அந்தப் புள்ளி ஒரு கேள்விக்குத்தான் பதில் சொல்லும். மரபணுவையும் வைரஸையும் படிக்கத் தெரிந்த பிறகு அதே புள்ளி ஒரு மனிதரின் முழுப் புத்தகம். ஆகவே கேட்டு வாங்கணும், சொல்லிவிட்டு வைத்துக்கணும். மக்கள் நம்பிக்கையில்தான் எல்லாக் குழந்தைக்கும் என்ற ஏற்பாடே நிற்கிறது. அது போனால் எவ்வளவு நல்ல பி.சி.ஆர். இருந்தும் பயன் இல்லை.

மிச்சம் நின்றது

ராபர்ட் கத்ரி 1995 ஜூன் 24 அன்று சியாட்டிலில் இறந்தார். 79ஆவது பிறந்தநாளுக்கு 4 நாள் இருந்தது. அதற்குள் அவருடைய பாக்டீரியாச் சோதனைக்கும் வயதாகிவிட்டது. நிறமாலைக் கருவிகள் வந்து ஒரே வட்டில் பல நோய்களை அளக்கத் தொடங்கியிருந்தன. இன்றைக்கு பி.கே.யு.வுக்கு அகார் தட்டு வைக்கும் ஆய்வகத்தைத் தேடித்தான் பிடிக்கணும்.

ஆனால் தாள் அப்படியே இருக்கிறது. பாக்டீரியா போய் நிறமாலைமானி வந்தது, பி.சி.ஆர். வந்தது, நாளைக்கு வேறொன்று வரும். எல்லாமே அந்த 3.2 மில்லிமீட்டர் வட்டுக்கு ஏற்றபடி தங்களை மாற்றிக்கொண்டுதான் உள்ளே வருகின்றன. அளக்கும் கருவியைவிட, மாதிரியை எடுத்து வரும் விதம் நீண்ட நாள் வாழ்ந்திருக்கிறது. புராஜெக்ட் தலைப்புத் தேடும்போது நாம் பெரும்பாலும் இன்னும் துல்லியமான கருவி என்றுதான் யோசிக்கிறோம். அந்தக் கருவி வரைக்கும் மாதிரி எப்படி வரும், யார் எடுப்பார்கள், எவ்வளவு செலவாகும் என்று யோசிக்க ஒரு ஆள் வேண்டும்.

தன் மகனுக்கும், மனைவியின் தங்கை மகளுக்கும் கத்ரியால் எதுவும் செய்ய முடியவில்லை. அவர் செய்த வேலை முழுக்க, முகம் தெரியாத, இன்னும் பிறக்காத குழந்தைகளுக்கானது. இன்றைக்கும் எங்கோ ஒரு சுகாதார நிலையத்தில் ஒரு செவிலியர் 6 வாரக் குழந்தையின் குதிகாலைச் சூடாகத் தேய்த்து, குத்தி, முதல் சொட்டைத் துடைத்துவிட்டு, அடுத்த சொட்டை வட்டத்துக்குள் விழவைக்கிறார். காய்ந்ததும் உறையை ஒட்டித் தபாலில் போடுவார். ரிசல்ட் நேரத்துக்கு வந்துவிட்டால் அந்தக் குழந்தை பள்ளிக்கூடம் போகும்.